கொதிக்கும் காரும் கிணற்றுத் தண்ணீரும்

மருதனார்மடச் சந்தைக்கும் திருநெல்வேலிச் சந்தைக்கும் மரக்கறி கொண்டு செல்லும் பழைய கார்கள் சில இன்றும் எமது வீதிகளில் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று பாதி வழியில் ஆவி கக்கி நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். சாரதி முன்மூடியைத் திறந்து வைத்துவிட்டு அயல் வீட்டுக் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் வாங்கி ஊற்றுவார். கார் மீண்டும் ஓடும். அடுத்த நாள் அதே இடத்திலோ, அதற்குச் சற்று முன்னரோ மறுபடியும் நிற்கும்.

அவர் ஊற்றிய அந்தத் தண்ணீரே நாளைய கொதிப்புக்கும் காரணமாகலாம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு விவசாயக் குடும்பத்தை நாம் அறிவோம். செம்மண் தோட்டமும் வீடும் கைவிட்டுப் போயின. கையில் எஞ்சியது தகப்பனாரின் மொறிஸ் மைனர் கார் ஒன்றே. பொருளாதாரத் தடைக் காலம் முழுவதும் அந்தக் கார் மண்ணெண்ணெயில் ஓடி, வாடகைப் பணத்தில் ஐந்து வயிறுகளுக்குச் சோறு போட்டது. பின்னர் பல ஆண்டுகள் ஒரு கிடுகுக் கொட்டிலில் அசையாமல் நின்றது. மகன் குத்தகைக் காணியில் தோட்டம் செய்யத் தொடங்கியபோது, விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டு செல்ல அதனை மறுபடி வீதிக்கு இறக்கினார். மூன்றாம் நாளே கொதித்தது. ஒரு கராச்சில் "எஞ்சினைப் பிரிக்க வேண்டும்" என்றார்கள். கேட்ட தொகை அந்தப் போகத்துக்கு வாங்க வேண்டிய விதை வெங்காயத்தின் விலையைவிடக் கூடியது.

எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்னர் தண்ணீரைப் பார்க்கலாம் என்று சொன்னவர் ஊரிலுள்ள வயதான மெக்கானிக் ஒருவர். அவர் செய்த வேலையை எவரும் தம் வீட்டு முற்றத்தில் செய்யலாம். அதனைப் படிப்படியாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எஞ்சினுக்கு ஏன் தண்ணீர்?

எஞ்சினில் எரியும் எரிபொருளின் வெப்பம் முழுவதும் காரை ஓட்டப் பயன்படுவதில்லை. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புகையோடு வெளியே போகின்றது. இன்னொரு மூன்றிலொரு பங்கை எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக்கொள்கின்றது. அவ்வாறு சூடேறிய தண்ணீர் மேல் ஹோஸ் வழியாக றேடியேற்றருக்கு வந்து, அதன் மெல்லிய பித்தளைக் குழாய்களூடாக இறங்கும்போது காற்றினால் ஆறி, கீழ் ஹோஸ் வழியாக எஞ்சினுக்குத் திரும்பும். நடுவில் தேர்மோஸ்ரற் என்னும் சிறு கதவு உண்டு. எஞ்சின் குளிராக இருக்கையில் அது மூடியிருக்கும். தண்ணீர் 80 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடானதும் திறந்து தண்ணீரை றேடியேற்றருக்கு விடும்.

இந்தச் சுற்று எங்கே தடைப்பட்டாலும் எஞ்சின் கொதிக்கும். கொதித்த எஞ்சினைத் தொடர்ந்து ஓட்டினால் ஹெட் வளையும், காஸ்கற் எரியும். செலவு அங்கேதான் பெருகுகின்றது.

கறளும் சுண்ணாம்பும்

உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாக ஒரு படை ஒட்டியிருக்கும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்த நிலம். அக்கல்லினூடாக ஊறி வரும் எமது கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கின்றது. தண்ணீர் சூடாகும்போது அது பிரிந்து படையாகப் படியும். கேத்தலில் நடப்பதே எஞ்சினுக்குள்ளும் நடக்கின்றது. இப்படை இரும்பைவிடப் பல மடங்கு மந்தமாகவே வெப்பத்தைக் கடத்தும். ஆகவே எஞ்சினின் வெப்பம் தண்ணீருக்குப் போய்ச் சேராமல் இரும்பிலேயே தங்கிவிடும்.

கொதித்து ஆவியாகப் போவது தண்ணீர் மட்டுமே. சுண்ணாம்பு உள்ளே நின்றுவிடும். குறைந்த அளவுக்கு மறுபடி கிணற்றுத் தண்ணீர் ஊற்றும் ஒவ்வொரு தடவையும் புதிய சுண்ணாம்பைச் சேர்க்கின்றோம். கடலோரக் கிணறுகளின் சவர்த் தண்ணீர் இன்னும் கெடுதலானது. அதிலுள்ள உப்பு இரும்பை வேகமாகக் கறள் பிடிக்கச் செய்யும்.

ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற கார்களின் எஞ்சின் புளொக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பினால் ஆனவை. 1990ஆம் ஆண்டிலிருந்து 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம் வரை பெற்றோலே அரிதாக இருந்த எமக்குக் கறள் தடுக்கும் கூலன்ற் எங்கே கிடைத்தது? கிடைத்த தண்ணீரை ஊற்றி ஓட்டினோம். அந்த ஆண்டுகளின் சுண்ணாம்பும் கறளும் பல கார்களின் வயிற்றில் இன்னும் கிடக்கின்றன. அவை சேறாகக் கரைந்து, எஞ்சின் புளொக்கின் பின்பக்க அடியில், கடைசிச் சிலிண்டரைச் சுற்றித் தேங்கும்.

முதலில் நோயை அறிவோம்

கழுவத் தொடங்குமுன் நான்கு விடயங்களைப் பாருங்கள்.

முதலாவது, பான் பெல்ற். அதன் நீளமான பக்கத்தை விரலால் அழுத்தினால் அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை இறங்கலாம். அதற்கு மேல் இறங்கினால் பெல்ற் வழுக்கி, தண்ணீர்ப் பம்பும் விசிறியும் சரியாகச் சுழலாது.

இரண்டாவது, றேடியேற்றரின் வெளிப்புறம். தகட்டு இடைவெளிகளில் புழுதியும் புல்விதையும் அடைத்திருந்தால், எஞ்சின் பக்கமிருந்து முன்புறமாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

மூன்றாவது, தண்ணீரின் நிறம். ஆறிய எஞ்சினின் மூடியைத் திறந்து பாருங்கள். செம்மண் கரைசல்போல் இருந்தால் உள்ளே கறள். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் காஸ்கற் பழுதாகியிருக்கலாம்.

நான்காவது, குளிர்ந்த இடங்கள். காரைச் சிறிது தூரம் ஓட்டி வந்து எஞ்சினை நிறுத்துங்கள். கைபொறுக்கும் அளவுக்குச் சூடு தணிந்ததும், றேடியேற்றரின் முகத்தைப் புறங்கையால் இடம் இடமாகத் தொட்டுப் பாருங்கள். ஓரிடம் சூடாகவும் அடுத்த இடம் குளிராகவும் இருந்தால், குளிர்ந்த இடத்துக் குழாய்கள் அடைபட்டுள்ளன.

மூடியைத் திறக்கும் அவசரம் வேண்டாம்

றேடியேற்றர் மூடி வெறும் மூடியன்று. உள்ளே அமுக்கத்தைப் பிடித்து வைப்பதும் அதன் வேலை. சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கம் தாங்கும் மூடியின் கீழ், தண்ணீர் ஏறத்தாழ 110 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்கும். சூடான நிலையில் மூடியைத் திறந்தால் அமுக்கம் நீங்கும். அக்கணமே அத்தண்ணீர் ஆவியாகப் பொங்கி முகத்திலும் நெஞ்சிலும் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடு இருந்தால் மூடியைத் தொடாதீர்கள். ஆறிய பின்பும் தடித்த சாக்கை மூடியின் மேல் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, முதலில் சிறிதளவு திருப்பி ஆவி போக விடுங்கள்.

யாருக்கேனும் சுட்டுவிட்டால் சுட்ட இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த சுத்தமான தண்ணீரை ஓட விடுங்கள். பற்பசையோ மையோ பூச வேண்டாம். பின் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

வடித்தல்

காரைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கைப் போட்டு, சில்லுகளுக்குக் கல் வையுங்கள். எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓட்டினால் அடியிற் படிந்த சேறு கலங்கும். பின்னர் நிறுத்தி, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆற விட்டு மூடியைத் திறவுங்கள். கீழே அகன்ற பாத்திரம் ஒன்றை வையுங்கள்.

தண்ணீர் வடிக்கும் சிறு பைப்புகள் இரண்டு உண்டு. ஒன்று றேடியேற்றரின் அடியில். மற்றையது எஞ்சின் புளொக்கின் பக்கத்தில், பின்புறமாகக் கீழே. பலர் முதலாவதை மட்டும் திறந்து வடித்துவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணுகின்றார்கள். சேறு தேங்குவதோ இரண்டாவதன் பக்கத்தில்தான்.

மேற்சொன்ன குடும்பத்தின் காரில் புளொக்கிலிருந்த பைப்பைத் திறந்தபோது ஒரு சொட்டும் வரவில்லை. மெக்கானிக் அந்தப் பைப்பையே கழற்றி, துவாரத்தினுள் ஒரு கம்பியை விட்டுக் குடைந்தார். சற்று நேரத்தில் காய்ச்சிய கூழ்போல் மண்ணிறச் சேறு வழிந்தது. அதன் பின்னரே தண்ணீர் பாய்ந்தது. எஞ்சினைக் கொல்ல இருந்தது அந்தச் சேறுதான். உங்கள் காரிலும் தண்ணீர் வராவிட்டால் கம்பியால் குடையுங்கள். வந்தாலும் ஒருமுறை குடைந்து பாருங்கள்.

கழுவுதல்

இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. எண்ணெய்ப் பிசுக்குக்குச் சலவைச் சோடா. சுண்ணாம்புக்கும் கறளுக்கும் சிற்றிக் அமிலத் தூள். தேசிக்காயின் புளிப்பும் இதே அமிலம்தான். மொறிஸ் மைனரின் சுற்றில் ஏறத்தாழ 5 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். அதற்கு 150 கிராம் சலவைச் சோடாவோ, 200 கிராம் சிற்றிக் அமிலமோ போதும். இரண்டையும் ஒருங்கே கலக்கக் கூடாது. கலந்தால் நுரைத்துப் பொங்கி ஒன்றின் வேலையை மற்றையது கெடுத்துவிடும்.

எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முதலில் சோடாவை இளஞ்சூட்டு நீரில் கரைத்து ஊற்றி, எஞ்சினை 20 நிமிடம் மெதுவாக ஓட்டி, ஆற விட்டு வடியுங்கள். தண்ணீரால் இருமுறை அலசுங்கள். அதன் பின் சிற்றிக் அமிலத்தை அதேபோல் கரைத்து ஊற்றி அரைமணி நேரம் ஓட்டுங்கள். தேர்மோஸ்ரற் திறந்து மேல் ஹோஸ் சூடானால்தான் மருந்து றேடியேற்றருக்கும் போகும். இரவு முழுவதும் அமிலத்தை உள்ளே விட்டு வைக்காதீர்கள். வடித்து அலசிய பின், ஒரு கைப்பிடி அப்பச்சோடா கரைத்த தண்ணீரை நிரப்பிச் சில நிமிடங்கள் ஓட்டி வடித்தால் மிஞ்சிய புளிப்பு நீங்கும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். சலவைச் சோடா அலுமினியத்தை அரிக்கும். எனவே அலுமினிய ஹெட்டோ அலுமினிய றேடியேற்றரோ உள்ள புதிய வாகனங்களுக்கு இந்த முறை ஆகாது. மலகூடம் கழுவும் அசிற்றை எந்த வாகனத்திலும் ஊற்றாதீர்கள். அது சுண்ணாம்போடு பித்தளையின் ஈய ஒட்டையும் இரும்பையும் தின்னும்.

அடுத்தது எதிர்த்திசையில் கழுவுதல். ஓட்டத்தின் திசையில் வந்து அடைத்த அழுக்கு, எதிர்த்திசையில் தள்ளினால் எளிதாக வெளிவரும். முதலில் மேல், கீழ் ஹோஸ்களைக் கழற்றுங்கள். தேர்மோஸ்ரற் மூடியின் ஆணிகள் கறள் பிடித்து இறுகியிருக்கும். முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு வையுங்கள். வலிந்து திருப்பினால் முறியும். மின்கம்பிகள் உள்ள இடத்தைப் பொலித்தீனால் மூடிவிடுங்கள்.

தோட்டத்துக்கு இறைக்கும் மெஷினின் ஹோஸை றேடியேற்றரின் கீழ்வாயில் துணி சுற்றிப் பொருத்தி, மேல்வாயால் தண்ணீர் வெளிவரும்படி விடுங்கள். மெஷினை மெதுவாகவே ஓட்ட வேண்டும். முழு வேகத்தில் விட்டால் பழைய குழாய்கள் வெடிக்கும். மெஷின் இல்லாதவர்கள் உயரத்தில் வைத்த பீப்பாவிலிருந்து ஹோஸ் இழுக்கலாம். எஞ்சினுக்கு, தேர்மோஸ்ரற்றைக் கழற்றிய வாயால் தண்ணீரை விட்டுக் கீழ் ஹோஸின் வாயாலும் புளொக்கின் பைப் துவாரத்தாலும் வெளியேற்றுங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை விடாதீர்கள். அலசுவதற்குக் கிணற்றுத் தண்ணீர் போதும். குளிர்ந்த நிலையில் ஓடிப்போகும் தண்ணீர் சுண்ணாம்பைப் படிய வைக்காது. கடைசி அலசலுக்கு மட்டும் மழைத்தண்ணீர் பாவியுங்கள்.

கழற்றிய தேர்மோஸ்ரற்றை ஒரு பழைய சட்டித் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். தண்ணீர் கொதிக்குமுன் அது திறக்க வேண்டும். திறக்காவிட்டால் புதியது வாங்குங்கள். "எமது நாடு சூடான நாடு, தேர்மோஸ்ரற் தேவையில்லை" என்று கழற்றி எறிபவர்கள் உண்டு. அது தவறு. எஞ்சின் உரிய சூட்டை அடைய நேரமெடுத்தால் எரிபொருள் வீணாகும், சிலிண்டரும் விரைவில் தேயும்.

மீள நிரப்புதல்

ஹோஸ்களை விரலால் நசுக்கிப் பாருங்கள். வெடிப்பிருந்தாலும் களிபோல் மெதுமையாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். இரண்டு ஹோஸின் விலை ஒரு ஹெட் காஸ்கற் வேலையின் கூலிக்கு முன் மிகச் சிறிது.

ஊற்றுவதற்கு மழைத்தண்ணீரே சிறந்தது. அதில் சுண்ணாம்பு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் முதற் சில மழைகள் கூரையைக் கழுவ விட்டு, பின்வருவதைத் துணியால் வடித்து மூடிய கலன்களில் சேமியுங்கள். இருபது லீற்றர்க் கலன் ஒன்று ஒரு காருக்கு ஆண்டு முழுவதும் காணும்.

வசதியுள்ளோர் அதனோடு கூலன்ற் சேர்க்க வேண்டும். உறைபனி இல்லாத எமக்கு அது தேவைப்படுவது கறளைத் தடுக்கத்தான். மூன்றிலொரு பங்கு கூலன்ற், இரு பங்கு மழைத்தண்ணீர் என்ற கலவை போதும். பித்தளை றேடியேற்றர் உள்ள பழைய வாகனத்துக்கு ஏற்றதா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவை மாற்றுங்கள். கூலன்ற் வாங்க இயலாதவர்கள் வெறும் மழைத்தண்ணீர் ஊற்றி, ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது வடித்து மாற்றலாம்.

பைப்புகளைப் பூட்டி, காற்றுத் தங்காதபடி மெதுவாக ஊற்றுங்கள். மூடியைப் போடாமல் எஞ்சினை ஓட்டுங்கள். தேர்மோஸ்ரற் திறந்ததும் தண்ணீர் மட்டம் இறங்கும். வாயிலிருந்து ஒரு அங்குலம் கீழே நிற்கும்வரை நிரப்பி மூடுங்கள். தண்ணீர் சூடாகும்போது விரிய அந்த இடம் வேண்டும்.

வழியில் கொதித்தால் எஞ்சினை உடனே நிறுத்தி, அரைமணி நேரமாவது காத்திருங்கள். கொதிக்கும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் அது வெடிக்கும். வெடித்த புளொக்கை ஒட்டுவது எளிதன்று.

கிணறும் பிள்ளைகளும்

பெரும்பாலான கூலன்ற் வகைகள் நஞ்சு. அவற்றின் இனிப்புச் சுவையால் நாயும் ஆடும் நக்கும், சிறு பிள்ளைகளும் வாயில் வைப்பார்கள். சிறிதளவே உயிரைப் பறிக்கலாம். குளிர்பானப் போத்தலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். வடித்த பழைய கூலன்றை அடையாளமிட்ட கலனில் அடைத்து, எட்டாத இடத்தில் வைத்து, கழிவை முறையாக ஏற்கும் கராச்சில் கொடுங்கள்.

எண்ணெய் கலந்த கழுவு நீரையும் கிணற்றடியில் ஊற்ற வேண்டாம். சுண்ணாம்புக் கல்லில் உள்ள வெடிப்புகளூடாக அது விரைவில் நிலத்தடி நீரை அடைந்துவிடும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்து மக்கள் பட்ட துன்பத்தை 2010களின் நடுப்பகுதியில் கண்டோம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாட்டில் நிலத்தின் கீழுள்ள இந்த நீரே எமது தோட்டத்துக்கும் அடுப்புக்கும் ஆதாரம்.

கழுவியும் தீராவிட்டால்

கழுவிய பின் புதிய ஒழுக்கு ஒன்று தோன்றலாம். துவாரத்தை அடைத்துக்கொண்டிருந்த சுண்ணாம்பு நீங்கியதே காரணம். மருந்தைக் குறை கூற வேண்டாம். அந்த ஒழுக்கு என்றாவது வெளிப்படவே இருந்தது. றேடியேற்றரைக் கழற்றி, கீழ்வாயைக் கையால் அடைத்து நிரப்பி, கையை எடுங்கள். தண்ணீர் கொட்டினால் நல்லது. நூல்போல் வழிந்தால், றேடியேற்றர் திருத்துபவர் மேல்தொட்டியைக் கழற்றிக் குழாய்களைக் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது றேடியேற்றர் வாயில் இடைவிடாது குமிழி வந்தாலோ, எஞ்சின் ஒயில் பால்கலந்த தேநீர் நிறமானாலோ காஸ்கற் போய்விட்டது. அதனைக் கழுவித் தீர்க்க முடியாது. நல்ல மெக்கானிக்கிடம் செல்லுங்கள்.

கார் இல்லாதவர்களுக்கும் இதில் பயன் உண்டு. நான்கு சில்லு உழவு இயந்திரங்களின் றேடியேற்றரும் இதே வகையில் வேலை செய்கின்றது. தொட்டித் தண்ணீர் கொதித்து ஆவியாவதால் ஆறும் இரு சில்லு உழவு இயந்திரங்களில் சுண்ணாம்பு இன்னும் விரைவாகப் படியும். வயலருகே கிடைக்கும் தண்ணீரை ஊற்றாமல் மழைத்தண்ணீர்க் கலன் ஒன்றைக் கூடவே கொண்டு செல்லுங்கள்.

அந்தக் குடும்பத்தின் கார் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கழுவிய பின் றேடியேற்றரில் ஓரிடம் ஒழுகியது. அதனை ஈயம் வைத்து ஒட்டினார்கள். இரண்டு ஹோஸும் ஒரு தேர்மோஸ்ரற்றும் புதிதாக வாங்கினார்கள். எஞ்சினைப் பிரிக்க வேண்டி வரவில்லை. விதை வெங்காயத்துக்கு வைத்திருந்த பணம் விதை வெங்காயத்துக்கே போயிற்று. அந்தக் காரின் பின்பக்கத்தில் இப்போது எப்போதும் ஒரு கலன் மழைத்தண்ணீர் இருக்கின்றது.